ஓசிடி: திரும்பிப் போய்ப் பார்க்காமல் மலை இறங்குவது எப்படி?

கேத்தி_லோடு எழுதியது:

வணக்கம். கேத்தி பாலாடா பக்கத்து ஊர். சொந்தமாக ஒரு பிக்கப் வைத்திருக்கிறேன். கேரட், பீட்ரூட், சீசனில் முட்டைக்கோஸ் என்று ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவதுதான் தொழில். விடியும் முன்பே மண்டியில் நிற்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் இருட்டில்தான் குன்னூர் தாண்டி இறங்குவேன்.

எனக்கு ஓசிடி, அதாவது வேண்டாத நினைப்பு விடாமல் வந்து, அதற்காக ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய் என்று கோயமுத்தூரில் ஒரு டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். ஓசிடி என்றால் கையைக் கழுவிக்கொண்டே இருப்பது, வீட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அது எதுவும் கிடையாது. என் பிரச்சினை என்னவென்றால் வண்டி எதிலாவது ஏறி இறங்கினால், ஒரு பள்ளமோ, மழையில் உருண்டு வந்த கல்லோ, காட்டேரிப் பக்கம் இருக்கும் வேகத்தடையோ, எதுவாக இருந்தாலும் சரி, உடனே ‘ஆள் மேல் ஏற்றிவிட்டாயோ’ என்று ஒரு நினைப்பு வரும். வந்தால் போகாது. கண்ணாடியில் பார்ப்பேன், இருட்டு. பனிமூட்டம் இருந்தால் பின்னால் பத்தடிகூடத் தெரியாது. அடுத்து அகலமான இடம் கிடைத்ததும் திருப்பிக்கொண்டு மேலே போவேன். டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. வண்டியைத் திருப்பும்போதே ‘சரியான இடத்தில் பார்த்தாயா, இதற்கு முந்தின வளைவாக இருந்தால்?’ என்று ஆரம்பிக்கும். ‘ஓரத்தில் விழுந்து பள்ளத்தில் உருண்டிருந்தால்?’ என்று அடுத்தது வரும். பர்லியாறு வந்த பிறகும் திரும்பிப் போயிருக்கிறேன். மண்டியில் ஏலம் முடிந்த பிறகு போய் நின்று, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்த நாட்களும் உண்டு.

வீட்டுக்கு வந்தாலும் முடியாது. பம்பரைத் தடவிப் பார்ப்பேன். பேப்பரில் நீலகிரிப் பக்கத்தை எழுத்து விடாமல் படிப்பேன். மனைவியிடம் ‘ஏதாவது கேள்விப்பட்டாயா’ என்று கேட்பேன். ‘ஒன்றும் இல்லைங்க’ என்று சொன்னால் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் திரும்பவும் கேட்பேன். பாவம், அவளுக்கும் அலுத்துவிட்டது.

டாக்டர் அனுப்பிய கவுன்சலிங் மேடம் சொல்வது: ‘நினைப்பு வந்தாலும் திரும்பிப் போகாதீர்கள். தெரியாமலேயே ஓட்டிக்கொண்டு போகப் பழகுங்கள்.’ எனக்கு இதுதான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இது பொட்டல் காடு இல்லையே. குரும்பாடியில் யானை நிற்கும், பகலிலேயே காட்டெருமை ரோட்டைக் கடக்கும், தோட்டத்து ஆட்கள் விடியற்காலையில் லைட் இல்லாமல் ஓரமாக நடந்து போவார்கள். நூறு தடவை வெறும் நினைப்பாக இருக்கலாம், ஒரே ஒரு தடவை நிஜமாகவே ஆள் கிடந்தால்? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மனிதன் எப்படிப் போக முடியும்? வண்டியை விற்றுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்றுகூட யோசிக்கிறேன். இதோடு வாழ்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மலைப்பாதை_பழசு:

தம்பி, கோத்தகிரி ரோட்டிலும் குன்னூர் ரோட்டிலும் லாரி ஓட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நீ யாரையும் அடிக்கவில்லை. ஆள் மேலோ மாட்டின் மேலோ பட்டால் சத்தமே வேறு. ஸ்டீயரிங்கில் தெரியும், முகப்பு விளக்கு உடையும், பம்பர் நசுங்கும். கல்லில் ஏறுவதற்கும் அதற்கும் குழப்பமே வராது.

பனிமூட்டத்தில் ஹைபீம் போடாதே, வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். டிம்மில் வைத்து, இரண்டாம் கியரில், ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பார்த்து இறங்கு. ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. பர்லியாறு முதல் கல்லாறு வரை பலாப்பழ சீசனில் யானை வரும், ரொம்பவே நிதானம். இவ்வளவுதான் நம் கையில் இருப்பது.

முடிந்தால் ஒரு பையனைக் கிளீனராகக் கூட்டிப் போ. பின்னால் பார்த்து ‘ஒன்றும் இல்லை அண்ணா’ என்று சொல்ல ஆள் இருந்தால் உனக்கும் தைரியமாக இருக்கும். வண்டியை மட்டும் விற்காதே.

---

குன்னூர்_தேயிலைக்காடு:

கேத்தி அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு மாதிரி, ஆனால் அதே நோய்.

மேலே பெரியவர் எழுதியது முழுக்க முழுக்க அன்பில் எழுதியது, ஓட்டுவதைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ‘நீ யாரையும் அடிக்கவில்லை’ என்ற அந்த வரியை நீங்கள் இந்நேரம் எத்தனை தடவை திரும்பப் படித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை நெஞ்சு லேசாகியிருக்கும். அப்புறம் ‘அவருக்கு என் வண்டி தெரியாதே’ என்று வந்திருக்கும். ஓசிடிக்கு ஆறுதல் சொல்வது சொறிபிடித்த இடத்தைச் சொறிந்துவிடுவது மாதிரி, அந்த நேரத்துக்குச் சுகம், பிறகு அரிப்பு கூடும். அதனால் நான் உங்களுக்கு ‘ஒன்றும் ஆகியிருக்காது’ என்று சொல்லப் போவதில்லை. கல்நெஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் கதை: முதல் குழந்தை பிறந்த பிறகு ஆரம்பித்தது. சமையலறையில் கத்தியைக் கையில் எடுத்தால் ‘குழந்தையைக் குத்திவிடுவாயோ’ என்று ஒரு நினைப்பு. உயிராக நினைக்கிற குழந்தை. யாரிடம் போய்ச் சொல்வது? கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் மாமியார் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். காய் நறுக்கி அங்கிருந்து வரும். குழந்தையுடன் தனியாக இருக்க மாட்டேன். குளிப்பாட்ட மாட்டேன். வீட்டில் காற்று கருப்பு என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், நானும் கட்டிக்கொண்டேன். வெளியே சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் வெகுகாலம் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறவே இல்லை. இந்த மாதிரி நினைப்புகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் என்றார். நான் நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தேன். 1978-லேயே ராக்மன், டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் சாதாரண மனிதர்களிடம் கேட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானோர் தங்களுக்கும் இப்படிப்பட்ட வேண்டாத நினைப்புகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2014-ல் 13 நாடுகளில் 777 கல்லூரி மாணவர்களிடம் கேட்ட ஓர் ஆய்வில், முந்தைய மூன்று மாதத்தில் ஒன்றாவது வந்தது என்று 100-க்கு 94 பேர் சொன்னார்கள். பால்கனியில் நிற்கும்போது குதித்துவிடலாமோ, ரோட்டில் போகிறவனைத் தள்ளிவிடலாமோ, இந்த ரகம். அவர்களுக்கு அது வந்து போய்விடுகிறது. நமக்கு அது வந்ததும் ‘இப்படி நினைக்கிற நான் எப்படிப்பட்டவள்’ என்று பிடித்துக்கொண்டு, அதைப் பொய் என்று நிரூபிக்கக் கிளம்பிவிடுகிறோம். நோய் இருப்பது நினைப்பில் இல்லை அண்ணா, நிரூபிக்கக் கிளம்புகிற இடத்தில் இருக்கிறது.

சிகிச்சை எப்படி நடந்தது என்றால், முதலில் கத்தியை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், குழந்தை பக்கத்து அறையில். நினைப்பு வரும். விரட்டக் கூடாது, சாமி பெயரைச் சொல்லி அழிக்கக் கூடாது, ‘நான் நல்ல அம்மா’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளக் கூடாது. இது சில நாள். பிறகு குழந்தை அதே அறையில். பிறகு குழந்தை தரையில் விளையாட, நான் பீன்ஸ் நறுக்க வேண்டும். கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது, ஊட்டிக் குளிரில். சைக்காலஜிஸ்ட் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்: ‘நான் இதைச் செய்யவே மாட்டேன் என்பதற்கு எனக்கு உத்தரவாதம் கிடையாது, எந்த அம்மாவுக்கும் கிடையாது, உத்தரவாதம் இல்லாமலேயே இவளை வளர்க்கப் போகிறேன்.’ எழுதும்போது அழுதேன். ஆனால் அந்த வாக்கியத்தில்தான் எனக்குக் கதவு திறந்தது என்று இன்றும் சொல்வேன்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நினைப்பு இன்னும் எப்போதாவது வரும். வந்துவிட்டுப் போகட்டும் என்று காய் நறுக்குகிறேன்.

---

செவிலி_உதகை:

மனநலப் பிரிவில் வேலை பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. கேத்தி சார், உங்களுக்கு வந்திருப்பது ஒன்றும் அபூர்வம் இல்லை. ‘வண்டியில் யாரையோ அடித்துவிட்டோம்’ என்ற சந்தேகம் ஓசிடியில் மிகவும் தெரிந்த ஒரு வகை. உலகம் முழுக்க ஓட்டுநர்கள் இப்படித் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கை கழுவுவது மட்டும்தான் ஓசிடி என்று நினைப்பதால்தான் இவர்கள் வெகு தாமதமாக வருகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன்: ‘ஒரே ஒரு தடவை நிஜமாக இருந்தால்?’

மேடம் உங்களைப் பொறுப்பில்லாமல் ஓட்டச் சொல்லவில்லை. விபத்து என்று உங்களுக்குத் தெரிந்தால், அதாவது கண்ணால் பார்த்தால், அலறல் கேட்டால், கண்ணாடி உடைந்தால், நிறுத்தியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஏற்பாடு செய், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவி என்று. அந்தக் கடமை அப்படியே இருக்கிறது, சிகிச்சை அதைத் தொடுவதே இல்லை. ஆனால் ‘ஏறி இறங்கியது, இருக்குமோ’ என்பது தகவல் அல்ல. அதே வளைவில் அதே பள்ளத்தில் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ வண்டிகள் ஏறி இறங்கிப் போயிருக்கும். அவர்களுக்கும் நூற்றுக்கு நூறு தெரியாது. அவர்களிடம் இருப்பது உங்களைவிடக் கூடுதலான நிச்சயம் இல்லை. நிச்சயம் இல்லாமலே டீக்கடையில் நிறுத்தி டீ குடிக்க முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம், திரும்பிப் போய்ப் பார்ப்பதால் தெளிவு கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள் இல்லையா, அது நேர்மாறாகத்தான் வேலை செய்கிறது. 2003-ல் நெதர்லாந்தில் வான் டென் ஹௌட், கிண்ட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஓசிடி இல்லாத மாணவர்களையே உட்கார வைத்து, கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்ப அணைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசியாக எந்தப் பர்னரைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் நினைவு மங்கலாக இருக்கிறது, நம்பிக்கை இல்லை என்றார்கள். அதாவது சரிபார்க்கச் சரிபார்க்கத் தன் நினைவின் மேல் இருக்கும் நம்பிக்கைதான் தேய்கிறது. ‘சரியான இடத்தில் பார்த்தேனா’ என்று உங்களுக்கு உடனே தோன்றுகிறதே, அது உங்கள் குணக்கேடு இல்லை, மூளை அப்படித்தான் செய்யும்.

மேடம் சொன்ன முறைக்கு வயது அதிகம். 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர், நோயாளிகள் பயத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்கிற காரியங்களைச் செய்யவிடாமல் அவர்களைப் பயத்தோடேயே இருக்க வைத்துப் பார்த்தார். அதுவரை இந்த நோய்க்கு மருந்தே இல்லை என்று கைவிட்டிருந்த காலம். அன்றிலிருந்து வளர்ந்து வந்ததுதான் இஆர்பி என்கிற இந்தப் பயிற்சிச் சிகிச்சை. உங்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் இப்படி இருக்கும்: முதலில் பகலில், தெரிந்த வேகத்தடையில் ஏறி இறங்கிக் கண்ணாடியை வழக்கத்துக்கு மேல் பார்க்காமல் போவது. பிறகு மேடு பள்ளமான ரோடு. பிறகு இருட்டில், மூட்டத்தில். கூடவே பேப்பரில் விபத்துச் செய்தி தேடுவதையும் பம்பரைத் தடவுவதையும் நிறுத்துவது. இவையும் திரும்பிப் போவதற்குச் சமம்தான், வீட்டில் உட்கார்ந்தபடியே திரும்பிப் போகிறீர்கள். எந்தப் படியில் எப்போது ஏறுவது என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

மாத்திரை பற்றி: ஓசிடிக்குக் கொடுக்கிற ஃப்ளூவாக்சமின், ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின் மாதிரி மருந்துகள் மனச்சோர்வுக்கும் கொடுப்பவைதான், ஆனால் ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகும். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தவும் கூடாது. நீங்கள் இருட்டில் மலை இறங்குகிறவர் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குளோமிப்ரமின் மாதிரி சில மருந்துகள் தூக்கம் கொடுக்கும், பதற்றத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும் அப்படித்தான். எதை எந்த நேரத்தில் போடுவது என்பதை உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ப மாற்றித் தருவார்.

வண்டியை விற்பது பற்றி ஒரு வார்த்தை. தயவுசெய்து நோயின் பேச்சைக் கேட்டு விற்காதீர்கள். வண்டி போனாலும் நோய் நடைபாதையில் உங்களோடு நடந்து வரும், வேறு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்.

---

பெருமாள்மலை_வீடு:

நான் பழனி மலைப் பக்கம், கொடைக்கானலுக்குக் கீழே. நோய் எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு. அதனால் நான் எழுதுவது உங்கள் மனைவிக்கு, காட்டுங்கள்.

தங்கச்சி, குளிர்காலத்தில் அறைக்குள் கரி அடுப்பு வைப்பது எங்கள் ஊரிலும் உண்டு, அதனால் மூடிய அறையில் விஷவாயுவில் ஆட்கள் செத்ததும் உண்டு. அந்தப் பயம் பொய்ப் பயம் இல்லை. எங்கள் வீட்டில் கரி அடுப்பே கிடையாது என்று ஆன பிறகும் இவர் எழுந்து எழுந்து பார்ப்பார். சாம்பல் இருக்கிறதா, ஜன்னல் திறந்திருக்கிறதா, பக்கத்து வீட்டுப் புகை வருகிறதா. பிள்ளைகள் மூச்சு விடுகிறார்களா என்று மூக்கில் கை வைத்துப் பார்ப்பார், பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழும். என்னை எழுப்பி ‘நீயும் ஒரு தடவை பார்’ என்பார். நானும் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் படுப்பேன். அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன்.

மதுரையில் டாக்டர் என்னையும் உட்கார வைத்துப் பேசினார். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு ‘சரியாக இருக்கிறது’ம் நோய்க்கு ஒரு கவளம் சோறு என்றார். திடீரென்று நிறுத்தச் சொல்லவில்லை, அதையும் கவனி. முதலில் இவர் தெளிவாக இருக்கும் ஒரு பகல் நேரத்தில் மூன்று பேரும் பேசி ஒரு ஒப்பந்தம் செய்தோம். கேட்டால் இனி என்ன பதில் வரும் என்பதை இவரே சம்மதித்து எழுதினார். அந்தப் பதில்: ‘உங்களுக்குத் தெரிந்ததுதான் எனக்கும் தெரியும். கஷ்டமாக இருக்கிறது என்று புரிகிறது. நான் இங்கேதான் இருக்கிறேன்.’ அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சு கிடையாது. கோபமாகச் சொல்லக் கூடாது, முகத்தைத் திருப்பிக்கொண்டும் சொல்லக் கூடாது.

ஆரம்பத்தில் சண்டை வந்தது. ‘ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்’ என்று கத்தினார். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தூங்கலாமே என்றுதான் இருக்கும். சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாளாக நாளாகக் கேட்பது குறைந்தது. இப்போது படுக்கும் முன் ஜன்னலை ஒரு தடவை பார்ப்பார். எல்லா வீட்டிலும் பார்க்கிற மாதிரி ஒரு தடவை.

நீயும் உன் சாப்பாடு, தூக்கம் இரண்டையும் விட்டுவிடாதே. நான் விட்டதில் எனக்கே உடம்பு முடியாமல் போனது.

---

மலைப்பாதை_பழசு:

எல்லாம் படித்தேன். எனக்கு ஒரு கேள்வி. அப்படியென்றால் தம்பியோடு கிளீனர் பையன் போனால் அவன் என்ன சொல்ல வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் ‘ஏதாவது பட்டதா’ என்று கேட்டால், தெரியும் என்றாலும் சொல்லாமல் இருப்பது எப்படி?

---

செவிலி_உதகை:

நல்ல கேள்வி ஐயா. கிளீனர் கூடப் போகட்டும், லோடு இறக்க, டயர் மாற்ற, வளைவில் வழி சொல்ல. நிஜமாக ஏதாவது நடந்தால் யாரும் கேட்காமலே அவனே சத்தம் போடுவான். அதனால் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ‘அண்ணா, இது அந்தக் கேள்வி’ என்று மட்டும் சொன்னால் போதும். ஆனால் அவனைப் பின்னால் பார்க்க வைப்பதற்காகவே கூட்டிப் போனால், கண்ணாடிக்குப் பதில் ஒரு பையன் என்று ஆகிவிடும். அந்தப் பையன் வராத நாளில் வண்டி எடுக்க முடியாமல் போகும்.

---

கேத்தி_லோடு:

எல்லோருக்கும் நன்றி. குன்னூர் அக்கா சொன்னது உண்மை, பெரியவர் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அந்தப் பதிவுக்குப் போகவில்லை.

‘அவர்களிடம் கூடுதல் நிச்சயம் இல்லை’ என்று செவிலி மேடம் எழுதியது மனதில் நிற்கிறது. மண்டிக்கு வருகிற மற்ற டிரைவர்களை நான் எப்போதும் ‘இவர்களுக்குத் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை’ என்றுதான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் தெரியாது என்று யோசித்ததே இல்லை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, சாமி. இறங்கும்போது வழியில் இருக்கிற ஒவ்வொரு கோயிலிடமும் ‘யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது’ என்று மனதுக்குள் சொல்வேன். நடுவில் வேறு நினைப்பு வந்துவிட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மொத்தப் பாதையும் இதே வேலையாக இருக்கிறது. இதையும் விடச் சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார், எனக்கும் மனது வரவில்லை. வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகாமல் நாங்கள் எந்த நல்ல காரியமும் செய்ததில்லை.

இரண்டாவது, வாராவாரம் கோயமுத்தூர் போக முடியாது. ஒரு நாள் போனால் ஒரு லோடு போச்சு. இங்கேயே ஏதாவது வழி உண்டா?

---

குன்னூர்_தேயிலைக்காடு:

சாமி விஷயத்தை நான் சொல்கிறேன் அண்ணா, எனக்கும் அது இருந்தது. அம்மன் கோயிலுக்குப் போங்கள், அம்மாவோடு போங்கள், கிடா வெட்டினாலும் வெட்டுங்கள், அதையெல்லாம் யாரும் விடச் சொல்லப் போவதில்லை. வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், கும்பிட்டு முடித்ததும் முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். உங்கள் அம்மா கும்பிட்டுவிட்டுத் தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். நடுவில் கவனம் சிதறியது என்று அவர் திரும்பவும் வரிசையில் போய் நிற்பதில்லை. நம்முடையது முடியவே முடியாது, எண்ணிக்கையும் வரிசையும் பிசகக் கூடாது. அது அம்மன் கேட்கிறது இல்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது, வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு தடவை கும்பிடு. பாதி கும்பிடும்போது வேறு நினைப்பு வந்தாலும் பாதியோடு விட்டுவிட்டுக் கிளம்பு. பாதியோடு விடுவதுதான் பயிற்சியே. உங்கள் அம்மாவுக்குக் கவலையாக இருந்தால் கோயில் பூசாரியிடமே கேட்கச் சொல்லுங்கள், எந்தப் பூசாரியும் முதலிலிருந்து திரும்பச் சொல் என்று சொல்ல மாட்டார்.

---

செவிலி_உதகை:

சாமி விஷயத்தில் அவர் சொன்னதோடு நான் சேர்க்க எதுவும் இல்லை.

வழி இருக்கிறது. 14416 என்ற எண், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நடு இரவில் பதற்றம் தாங்காமல் போனால் பேசலாம், எங்கே போய்ப் பார்ப்பது என்றும் சொல்வார்கள். ஆனால் ‘நான் யாரையாவது அடித்திருப்பேனா’ என்று கேட்பதற்கு அந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள், அது மனைவியிடம் கேட்பதற்குப் பதில் ஆகிவிடும். ‘திரும்பிப் போகாமல் இருக்க முயல்கிறேன், இந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க உதவுங்கள்’ என்று கேளுங்கள்.

மாத்திரை தொடர்வதற்கும் இடையில் பார்த்துக்கொள்வதற்கும் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவை அணுகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கு மருத்துவர் வரும் நாள் உண்டு, குன்னூரில் எந்த நாள் என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கோயமுத்தூர் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது. இஆர்பி முறையாகப் பழகியவர்கள் மலையில் குறைவு என்பது உண்மைதான். அதனால் அந்தக் கோயமுத்தூர் மேடத்திடம் மாதம் ஒரு தடவை நேரில், மற்ற வாரம் போனில் வீடியோவில் முடியுமா என்று கேளுங்கள். வண்டி ஓடும் ரோட்டில்தான் உங்கள் பயிற்சி, அவருடைய அறையில் இல்லை, அதனால் போனில் நன்றாகவே செய்ய முடியும். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசுங்கள். இதற்கும் அடங்காத நோய் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, ஆனால் நீங்கள் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறீர்கள்.

---

கேத்தி_லோடு:

மேடத்திடம் போனில் பேசினேன். ஒத்துக்கொண்டார். முதல் பயிற்சி பகலில், லோடு இல்லாமல், காட்டேரி வேகத்தடையில். திரும்பிப் பார்க்காமல் குன்னூர் வரை போக வேண்டும், போய் எவ்வளவு பதற்றம் இருந்தது என்று பத்துக்கு மார்க் போட்டு அனுப்ப வேண்டும். பதற்றம் குறையவில்லை என்றாலும் பரவாயில்லை, திரும்பிப் போகாமல் இருந்தால் அதுவே போதும் என்றார். மனைவியிடம் பெருமாள்மலை அக்கா எழுதியதைக் காட்டினேன், அந்தப் பதிலைக் காகிதத்தில் எழுதி அரிசி டப்பா மேல் ஒட்டியிருக்கிறாள்.

இந்த மாத்திரையை ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா என்று அம்மா கேட்கிறார். அதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.

---

செவிலி_உதகை:

அப்படி இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நன்றாகக் குறைந்த பிறகும் பொதுவாக ஒன்று இரண்டு வருடம் தொடரச் சொல்வார்கள், பிறகு டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பார். சிலருக்குத் திரும்ப வரும், அவர்களுக்கு நீண்ட நாள் தேவைப்படலாம். இஆர்பி நன்றாகப் பழகியவர்களுக்கு மாத்திரையைக் குறைக்கும்போது கைப்பிடி கிடைக்கும். அடுத்த தடவை போகும்போது அம்மாவையும் கூட்டிப் போய் நேரடியாகவே கேட்கச் சொல்லுங்கள். காட்டேரிக்கு எந்த நாள் என்று மேடத்திடம் முடிவு செய்துவிட்டீர்களா?

---

கேத்தி_லோடு:

வியாழக்கிழமை. அன்று மண்டிக்கு லோடு இல்லை.